பழைய நேரத்துச் சாப்பாடு

மனித குலத்தின் மேலான கவனத்துக்கு ஓர் அறிவிப்பு. ஜப்பானியக் கணக்கில் 2604ஆம் ஆண்டு, நம் கணக்கில் 1944, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மலாக்கா நகரம் ஜாலான் பெண்டஹாராவில், அப்துல் அஜீஸின் மசாலைக் கடை வாசற்படியில் நின்றபடி, காஜா பெராங்கைச் சேர்ந்த திருவாளர் மாணிக்கவாசகம் அவர்கள், மனிதர்கள் ஏன் இளைக்கிறார்கள் என்னும் தொன்மையான வினாவுக்கு விடை கண்டுபிடித்துவிட்டதாக உலகுக்குத் தெரிவித்தார்.

உலகின் சார்பில் அங்கே நான்கு பேர் இருந்தார்கள். நால்வரும் இளைத்தவர்கள் என்பதால் கவனமாகக் கேட்டார்கள். கடையின் அன்றைய சரக்கு அரை டின் மல்லியும் ஒரு பூனையும். கண்டுபிடிப்பாளரின் மனைவி கமலவேணி, ரேஷன் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கணவருக்கு மூன்றடி பின்னால் நின்றிருந்தாள். நிற்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. சுவரில் கொஞ்சம் சாய்ந்தால் தேவலை. ஆனால் அவர் உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது சாய்வது மரியாதையில்லை.

"சாப்பாடு குறைஞ்சதால இளைக்கிறோம்னு நெனைக்கிறீங்க. தப்பு," என்றார் மாணிக்கவாசகம். "நேரம் தப்பிச் சாப்பிடறதால இளைக்கிறோம்."

"அப்ப சாப்பாடு குறையலையா, கிராணியாரே?" என்று அஜீஸ் கேட்டார்.

"குறைஞ்சிருக்கு. நான் இல்லைங்கல. ஆனா அது ரெண்டாம் பட்சம்."

"எனக்கு அதுதான் மொதல் பட்சமாத் தெரியுது."

மாணிக்கவாசகம் அதைக் காதில் வாங்கவில்லை. கண்டுபிடிப்பாளர்களுக்குக் காது அப்படித்தான் அமைந்திருக்கும். "ஜப்பான்காரன் வந்த ஒடனே கடிகாரத்த ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளி வெச்சான். தோக்கியோ நேரம். நீங்களும் மணி பார்த்துச் சாப்பிட்டீங்க. கடிகாரம் மாறிடும் பாய், குடல் மாறுமா? பழைய நேரத்துக்குப் பழகின குடல். அது தூங்கற நேரத்துல நீங்க மரவள்ளிக் கிழங்க உள்ள தள்ளுனா, அது அப்படியே வெளிய தள்ளிடும்."

அஜீஸ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. தோக்கியோ நேரத்தக் குறை சொன்னா, சாப்பிடறதுக்குத் தலை இருக்காது."

"என் வீட்டுல பழைய நேரம்தான். காலைல ஏழு, பகல் பன்னெண்டு, சாயங்காலம் அஞ்சரை. அதுக்கப்புறம் பச்சத் தண்ணி மட்டும். ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு மெல்லு. அரிசிய ஏழு தடவ களையணும், தண்ணி கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும். அவ்வளவுதான் வித்தை."

"ஆதாரம்?" என்றார் ஒருவர். அவர் அப்பாசாமி. நகரத்துக்கு வெளியே இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருந்தவர். இப்போது அதே இரண்டு ஏக்கரில் கிழங்கு போட்டிருப்பவர்.

மாணிக்கவாசகம் திரும்பி, விரலை நீட்டினார். "இதோ நிக்குதே, ஆதாரம்."

நாலு பேரும் கமலவேணியைப் பார்த்தார்கள். கன்னம் ஒட்டிப்போன அந்தத் தெருவில் அவள் ஒருத்தியின் முகம்தான் உப்பலாக இருந்தது. கை பருத்து, வளையல்கள் மணிக்கட்டில் அசையாமல் இறுகியிருந்தன. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். 

"டிசம்பர்ல தொண்ணூத்தி நாலு ராத்தல்," என்றார் அவர். "போன சனிக்கிழமை நூத்தியாறு. மரவள்ளியும் ரேஷன் அரிசியும்தான். வேற ஒண்ணுமில்ல. நேரம், பாய், நேரம்!"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் முன்னால் கையை வீசி நடந்தார். கமலவேணி பின்னால் வந்தாள். கால் இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி கனத்தன. பாதத்தின் அடியில் தெரு இருப்பதாகவே தெரியவில்லை; செருப்பு கழன்றுபோனதைக்கூடப் பத்தடி தாண்டித்தான் கவனித்தாள். குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கியது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

தனக்கு ஏதோ கோளாறு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. சதை போட்டவளுக்கு மெட்டி இறுகலாம், ஆனால் கால் மரத்துப்போகாது. பக்கத்துத் தெருவில் இப்படித்தான் ஒருத்தி வீங்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனது கமலவேணிக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவளுக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு போனது.

போருக்கு முன்னால் மாணிக்கவாசகம் ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், ரப்பர் கிடங்கில் எடை பார்க்கும் குமாஸ்தா; நிறுவைக் கிராணி என்பார்கள். ரப்பர் கொண்டுவருகிறவர்கள் தராசைக்கூட நம்பிவிடுவார்கள். அவருடைய வலதுகைக் கட்டைவிரலுக்குத்தான் பயந்தார்கள். கித்தா என்று எல்லோரும் சொல்லும் ரப்பர் ஷீட்டையும் கட்டிப்பாலையும் தராசில் வைத்ததும் அவர் நடுவில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார். குழி உடனே மேலே எழும்பினால் சரி. எழும்பச் சோம்பல்பட்டால் உள்ளே தண்ணீர். "பன்னெண்டு ராத்தல் தண்ணி, கழி!" என்பார். அந்தக் குரலுக்கு மேல்முறையீடு கிடையாது. அவருடைய விரல் ஒரு ராத்தல்கூடப் பிசகியதில்லை என்று தவுக்கே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. தவுக்கே ஒருநாள் நாட்டின் உட்பகுதிக்குப் போகிறேன் என்று கிளம்பினார், திரும்பவில்லை. போவதற்கு முன், பத்திரமாக இருக்கட்டும் என்று கிடங்கின் மேடைத் தராசை மாணிக்கவாசகத்தின் வீட்டு முன்னறையில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே, ஆற்றுப் பாலத்தில் நின்ற சிப்பாய்க்கு இவர் குனிந்த குனிவு போதாது என்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஒரே ஓர் அறை. அதற்கப்புறம் மாணிக்கவாசகம் நாற்பது நாள் சட்டை மாற்றவில்லை, தலை வாரவில்லை. கமலவேணி எது கேட்டாலும் "ம்" என்பார். இரவும் பகலும் தராசைத் துணி போட்டு மூடி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் காலை துணியை விலக்கி, அதன்மேல் ஏறி நின்றார். பதினெட்டு ராத்தல் குறைந்திருந்தது. மனைவியை ஏற்றினார். அவளுக்கு இரண்டு ராத்தல் கூடியிருந்தது. நெற்றியைச் சுருக்கி, யாரும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றாமலே விட்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் தலை வாரிக்கொண்டார். 

அந்தச் சீப்புக்காகக் கமலவேணி எத்தனை ராத்தல் வேண்டுமானாலும் கூடத் தயாராக இருந்தாள்.

இதில் இரண்டு ரகசியங்கள் இருந்தன. ஒன்று, அவர் பலகையில் உட்கார்ந்து மணி அடிக்க அடிக்க முப்பத்திரண்டு மென்றுகொண்டிருக்கும்போது, அவள் பரிமாறிக்கொண்டிருப்பாள். அவர் எழுந்த பிறகு பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்து, எஞ்சியதைச் சட்டியோடு வைத்துச் சாப்பிடுவாள். அது எந்த நாட்டு நேரம் என்று எவருக்கும் தெரியாது. நேரச் சாப்பாட்டின் ஒரே ஆதாரம், ஒரு வேளைகூட நேரத்தில் சாப்பிட்டதில்லை. இரண்டாவது, எப்போதாவது கிடைக்கும் ஒரு கை பச்சைப் பயறும் ஒரு துண்டு கருவாடும் அவருடைய தட்டுக்குத்தான் போகும். அவளுக்கு ஏழு தடவை களைந்த அரிசியும் கிழங்கும். அவர் தட்டில் குனிந்தால் நிமிர மாட்டார்; மெல்லுவதை எண்ணிக்கொண்டிருப்பார். அதனால் அது அவருக்குத் தெரியவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அறிவிப்பின் பலனாக வீட்டு முன்னறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அஜீஸ், அப்பாசாமி, இன்னும் ஆறேழு பேர். பக்கத்து வீட்டு சீதாவும் வேலியோரம் வந்து நின்றாள். சீதா, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி வம்சத்துப் பெண். நெற்றியில் திருநீறு, வீட்டில் பிள்ளையார், வாயில் மலாய். தமிழ் தெரியாதவள் என்று மாணிக்கவாசகம் அவளுக்காகப் பரிதாபப்படுவார். அவர் பேசும் தமிழின் அளவைப் பார்த்து அவள் கமலவேணிக்காகப் பரிதாபப்படுவாள்.

மாணிக்கவாசகம் தவுக்கே காலத்து வெள்ளை டிரில் கோட்டும் கால்சட்டையும் போட்டிருந்தார். இரண்டும் அவர்மேல் கொடியில் தொங்குவதுபோலத் தொங்கின. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏறு," என்றார்.

கமலவேணி ஏறினாள். அந்த நான்கு விரற்கடை உயரத்துக்குக் கால் எழும்பவில்லை. சுவரைப் பிடித்துத்தான் ஏறினாள். கண் முன்னால் பூச்சி பறந்தது. அவர் தராசுக் குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார்.

"நூத்திப் பத்து!"

கூட்டத்தில் ஒரு முனகல். அஜீஸ் தன் பங்குக்குச் சொன்னார்: "கிராணியாரே, அக்கா மடியில படிக்கல்லு ஏதும் இல்லியே?"

சிரித்தார்கள். மாணிக்கவாசகமும் பெருந்தன்மையாகச் சிரித்தார். அப்போதுதான் அப்பாசாமி வாயைத் திறந்தார். அவருக்குப் பத்து வருஷத்து வயிற்றெரிச்சல் பாக்கியிருந்தது.

"எங்க கித்தாவ மட்டும் கட்டவெரலால அமுக்கி அமுக்கிப் பாத்தீங்களே கிராணி, எடை ஏறினா ஒடனே தண்ணின்னு கழிப்பீங்களே. சொந்தச் சரக்கு ஏறினா மட்டும் அமுக்கிப் பாக்க மாட்டீங்களோ?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் பெண்டாட்டியை வைத்துச் சொல்லும் பேச்சா இது. அப்பாசாமிக்கே அது தெரிந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாய் தவறிடுச்சு, அக்கா. மன்னிச்சுக்குங்க."

"வெளிய போ!" என்றார் மாணிக்கவாசகம்.

எல்லோருமே போய்விட்டார்கள்.

பழைய நேரப்படி பகல் பன்னிரண்டு அடித்தது. கமலவேணி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் உட்காரவில்லை. கதவோரம் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் என்று அவள் நினைத்தாள். அவருடைய வலதுகைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டிருந்தது. அது கோபத்தில் வருவதில்லை. கிடங்கில் ஒரு மூட்டையைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் வருவது.

"இப்பிடி ஒக்காரு," என்றார்.

"சாப்பாடு ஆறுதுங்க. நேரம் ஆச்சு."

"ஒக்காரு, வேணி."

அவள் தராசு மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எதிரில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

"ஐயையோ, காலத் தொடாதீங்க. யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"கிராணி எடை பாக்கறான்னு நெனைப்பாங்க."

புடவையை ஒரு சாண் ஏற்றி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். அவளுக்கு வலிக்கவில்லை, அமுக்கியதே பாதிதான் தெரிந்தது. விரலை எடுத்தார். ஒரு குழி இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். அவ்வளவு அருகில் அந்த முகத்தை அவள் பார்த்துப் பல நாளாயிற்று. காதோரம் நரை அவளுக்குத் தெரியாமலே வந்திருந்தது.

குழி எழும்பவில்லை.

இன்னும் கொஞ்சம் மேலே அமுக்கினார். இன்னொரு குழி. பிறகு மற்றக் காலில். பன்னிரண்டு வருஷத்துத் தொழிலில் அவர் இவ்வளவு நேரம் ஒரு சரக்கை ஆராய்ந்ததில்லை.

"எத்தன ராத்தல்?" என்று அவள்தான் கடைசியில் கேட்டாள்.

"இருவது," என்றார். "இருவது, இருவத்தஞ்சு." பிறகு, "எவ்வளவு நாளா?" என்றார்.

"தீபாவளிக்கு முன்னாலேருந்து."

"ஏண்டி சொல்லல?"

"நீங்க தல வாரிக்கிட்டீங்க," என்றாள் கமலவேணி. சொன்ன பிறகு அது பதிலாகுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் புடவையை இழுத்துக் காலை மூடினார். மூடிய பிறகும் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

சாயங்காலம் டிரசர் மருதமுத்துவை அழைத்துவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி டிரசர்; டாக்டர்கள் இல்லாத அந்தக் காலத்தில் எல்லாப் படியும் அவர்தான். அவர் காலைப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார், கமலவேணியைக் குந்தி எழச் சொன்னார். குந்தினாள். எழ முடியவில்லை.

"பெரிபெரி," என்றார் மருதமுத்து. "சத்துக் கொறைச்சல். இப்பக் காலோட நிக்குது. நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆஸ்பத்திரில படுக்கறதுக்குப் பாய் இருக்கு, ஊசி இல்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே நேரம், டிரசர்," என்றார் மாணிக்கவாசகம். குரல் இன்னும் கொஞ்சம் கிராணிக் குரலாகத்தான் இருந்தது. "எனக்கு வரலியே. இவளுக்கு மட்டும் எப்பிடி?"

மருதமுத்து அவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். இந்த மாதிரி வீடுகள் அவருக்குப் புதிதில்லை. "பயறு யாரு சாப்பிட்டது, அக்கா?"

கமலவேணி சுவரைப் பார்த்தாள். "ஒரு கைதான் இருக்கும். ரெண்டு பேருக்கும் பத்தாது."

"கருவாடு?"

"எனக்கு அந்த வாடை ஆகாது."

"கல்யாணத்துலேருந்து கருவாட்டுக் கொழம்பு வெச்சுத் தின்னவ!" என்றார் மாணிக்கவாசகம். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. 

"நேரத்துக்காவது சாப்பிட்டீங்களா?" என்று டிரசர் கேட்டார். கேட்டது மருத்துவத்துக்காக இல்லை, ஊரெல்லாம் பேசிக்கொள்வதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"இவரு சாப்பிட்டு, சட்டி பானை கழுவி, கூட்டி, அதுக்கப்புறம். அது என்ன மணியோ."

மாணிக்கவாசகம் உலகுக்கு அறிவித்த தத்துவம் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த சட்டிமாதிரி கிடந்தது.

"அரிசி எத்தன தடவ களைவீங்க?"

"ஏழு."

"இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் சாக்கடைக்கு ஊத்திட்டீங்க," என்று டிரசர் எழுந்தார். "கிராணி ஐயா, மணி பாக்கறத விடுங்க. தவிடு பாருங்க. நெல்லு குத்தின தவிடு. பயறு கெடைச்சா பயறு. தவிடுதான் இப்ப மருந்து. நாளைக்கின்னு தள்ளாதீங்க."

தவிடு மாட்டுக்கும் வாத்துக்கும் உரியது என்று மாணிக்கவாசகம் பலமுறை உபதேசித்திருக்கிறார். அதிலும் பக்கத்து வீட்டு வாத்துகளைச் சுட்டிக்காட்டியே உபதேசித்திருக்கிறார். இருட்டுவதற்குள் அந்த வாத்துகளின் வீட்டு வேலியோரம் போய் நின்றார். தனக்குத் தெரிந்த மலாயில் தவிடு கேட்டார். யாருக்கு என்று சீதா கேட்டாள். மனைவிக்கு என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிராணியின் மூளை இப்போதுதான் வாத்து அளவுக்கு வந்திருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொண்டுவந்தாள். அதற்குமேல் தன்னிடம் இல்லை, குருபோங் பக்கம் நெல் குத்துகிறார்கள், அங்கே போ என்றாள். வாத்துகள் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் விடிந்ததும் அவர் கிளம்பினார். கோட்டும் கால்சட்டையும் போட்டு, கையில் சுவர்க் கடிகாரத்தை அணைத்துக்கொண்டார். விற்க வேறு பொருள் வீட்டில் இல்லை. தராசு தவுக்கேயுடையது, அதைத் தொட மாட்டார். குருபோங் அங்கிருந்து ஏழு மைல். சைக்கிள் டயர் இல்லாத காலம். நடந்துதான் போக வேண்டும்.

கமலவேணிக்கு அந்தப் பகல் போகவில்லை. சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. வழியில் காவல் சாவடி ஒன்று உண்டு. அங்கே ஒழுங்காகக் குனிந்தாரா? இந்த வயதில், அந்த நாற்பது நாளை இன்னொரு தடவை அவர் தாங்குவாரா? தன் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். நெஞ்சுக்குப் போனால் என்று டிரசர் சொன்னது இதுதானோ, இல்லை வெறும் கவலைதானோ என்று பிரித்தறிய முடியவில்லை.

வெயில் சாய்கிற வேளையில் வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. இடுப்பில் யாருடையதோ ஒட்டுப்போட்ட சாரோங், மேலே வெற்றுடம்பு, எண்ணினால் எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள், தலையில் ஒரு சாக்கு, கக்கத்தில் கடிகாரம். பிச்சைக்காரன் என்று நினைத்து எழுந்தாள்.

"கடிகாரம் வேணாம்னுட்டான்," என்றார் மாணிக்கவாசகம். "கிராமத்துல நேரம் பாக்கச் சேவல் இருக்காம். துணிதான் வேணுமாம். மகனுக்குக் கல்யாணமாம்."

"கோட்டக் குடுத்துட்டீங்களா?"

"கால்சட்டையும் கேட்டான்."

கமலவேணி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. இரண்டு வருஷத்துச் சிரிப்பு; உடம்பு குலுங்கி மூச்சு முட்டியது.

"சிரிக்காதடி, மூச்சு வாங்கும்," என்று பதறினார். பிறகு கதவில் சாய்ந்து அவரும் சிரித்தார். சாரோங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க முடிந்தது. அது அவருக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

"சாவடியில?" என்று கேட்டாள்.

"குனிஞ்சேன். தலையில மூட்ட இருந்ததால கொஞ்சம் அதிகமாவே குனிஞ்சேன். போடான்னுட்டான்."

அன்று அவரே அடுப்படிக்குள் வந்தார். தவிட்டைச் சலித்து, வறுத்து, கஞ்சியாகக் கிண்டி, ஒரு துண்டு மலாக்கா வெல்லம் போட்டார். மாட்டுக் கொட்டகை வாடை வீடெங்கும் பரவியது. அவள் ஒரு வாய் வைத்து, முகத்தைச் சுளித்தாள். அவர் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். கமலவேணி பழக்கத்தில் எண்ணினாள். ஐந்தோடு விழுங்கிவிட்டார்.

"நல்லாவே இல்ல," என்றார். "குடி."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. விடியுமுன் எழுப்பிக் கொடுத்தார். வெயிலில் துணி காயப்போடும்போது பின்னாலேயே கிண்ணத்தோடு வந்தார். பாதி தூக்கத்தில் கொடுத்தார். அரிசியை ஒரே தண்ணீரில் அலசினார், வடித்த கஞ்சியையும் ஊற்ற விடவில்லை. நான்காம் நாள் உடம்பில் கட்டிய நீர் இறங்கத் தொடங்கி, அவள் எழுந்து எழுந்து கொல்லைக்குப் போக ஆரம்பித்தாள். அது எத்தனையாவது தடவை என்று அவர் வாசலிலிருந்தே கேட்டார். "இதையுமா கேப்பாங்க?" என்று அவள் திட்டினாள். சனிக்கிழமை தராசில் ஏற்றினார், நூற்று மூன்று. அடுத்த சனிக்கிழமை தொண்ணூற்றாறு. அவள் இறங்க இறங்க அவர் முகம் மலர்ந்தது. இப்போதெல்லாம் சுவரைப் பிடிக்காமலே மேடையில் ஏறினாள். பாதத்தில் தரையின் சில்லிப்பு முதல் தடவையாகத் தெரிந்தபோது, அவரிடம் சொல்லாமல் முற்றத்தில் வெறுங்காலோடு இரண்டு சுற்று நடந்தாள்.

ஊர் வேறுமாதிரி பேசியது. கிராணி வீட்டம்மா பாதியாகப் போய்விட்டாள், பாவம், அந்த நேரச் சாப்பாடு கடைசியில் காலை வாரிவிட்டது என்றார்கள். அதைக் கேட்டதும் மாணிக்கவாசகம் அவளையும் அழைத்துக்கொண்டு மறுபடி ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனார். அதே வாசற்படி. கோட்டு இல்லை, சாரோங்தான்.

"நான் சொன்னது தப்பு," என்றார்.

அஜீஸ் காதில் கையை வைத்துக்கொண்டார். "என்ன கிராணியாரே? சரியா விழலியே."

"விழுந்துச்சு பாய் உங்களுக்கு. அது சதை இல்ல, தண்ணி. பெரிபெரி. இன்னையோட பதினெட்டு ராத்தல் எறங்கியிருக்கா!" இதைச் சொல்லும்போது குரல் பழைய கிராணிக் குரலாகிவிட்டது. பெருமை எங்கிருந்தாவது ஒரு வழி பார்த்து வந்துவிடுகிறது. பிறகு கூட்டத்தில் அப்பாசாமியைக் கண்டு, கொஞ்சம் தணிந்தார். "அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் அமுக்கிப் பாத்திருக்க மாட்டேன்."

அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அக்காவுக்குத் தேவலையா?" என்று கமலவேணியிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள். "இன்னொண்ணு, கிராணி," என்று தயங்கினார். "எங்க கித்தாவுல தண்ணி இருந்தது நெசந்தான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

அஜீஸுக்கு இந்தச் சமரசம் ருசிக்கவில்லை. "அது கெடக்கட்டும். முடிவாச் சொல்லுங்க. எந்த நேரத்துல சாப்பிட்டா ஒடம்புக்கு நல்லது?"

மாணிக்கவாசகம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "கெடைக்கிற நேரத்துல," என்றார்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

கமலவேணி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கையை வீசவில்லை. அவள் பக்கத்தில் நடந்தார். ஒன்றிரண்டு தடவை அவள்தான் அவருக்காக நின்றாள்.

வீட்டில் அவள் வழக்கம்போல ஒரு தட்டை வைத்தாள். கிழங்கு, அதன்மேல் ஒரு கரண்டி பயறு. பயறு அப்பாசாமி கொடுத்தனுப்பியது. மாணிக்கவாசகம் எழுந்து போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து, பயறைப் பாதியாகப் பிரித்து வைத்தார். பிரித்ததில் அவர் பக்கம் கொஞ்சம் கூடிவிட்டதுபோல இருந்தது. நாலைந்து மணியை விரலால் இந்தப் பக்கம் தள்ளினார்.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா..."

"ஒக்காரு."

"சட்டி கழுவணும்."

"சட்டி ஓடியா போகும்?"

உட்கார்ந்தாள். எதிரில் இல்லை, பக்கத்தில். அவர் முன்னால் சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வாயைத் தலையைத் திருப்பிக்கொண்டுதான் போட்டாள். அவர் பார்க்காததுபோல இருந்தார். வெளியே சீதாவின் வாத்துகள் கத்தின. பயறு நன்றாக வெந்திருந்தது என்று அவர் சொன்னார். உப்பு கொஞ்சம் குறைவு என்று அவள் சொன்னாள். உப்பு இல்லவே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் கையைத் தூக்கும்போது வளையல்கள் தளர்ந்து மணிக்கட்டில் சத்தம் போட்டன. அந்தச் சத்தத்துக்கு அவர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தார்.

தட்டு இரண்டும் காலியாயின. இருவருக்கும் இன்னும் பசித்தது.